அப்பாவுக்கு எல்வேட் வைக்கலாம் என்கிறார்கள்: அது என்ன செய்யும், என்ன செய்யாது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. இரண்டு முறை மாரடைப்பு வந்து, இப்போது எக்கோவில் ஈஎஃப் 18 சதவீதம். மாற்று இதயம் கிடைக்கும்வரை எல்வேட் (LVAD) என்ற, இதயத்தின் இடது கீழறைக்குத் துணையாக ஓடும் பம்பைப் பொருத்தலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதயத்தை எடுத்துவிட்டு மெஷினை வைப்பார்களா, நாடி நின்றுபோகுமாமே, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இதய அறுவை அரங்கில் பெர்ஃபியூஷனிஸ்டாக இருக்கிறேன். அறுவை நடக்கும்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் ஹார்ட்-லங் மெஷினை ஓட்டுவது என் வேலை. இந்தப் பம்பை உள்ளே வைக்கும்போதும் பார்த்திருக்கிறேன், வைத்துக்கொண்டவர்கள் வீட்டிலிருந்து செக்கப்புக்கு வரும்போதும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதயத்தை எடுக்க மாட்டார்கள். அப்பாவின் இதயம் அதே இடத்தில்தான் இருக்கும், தன்னால் முடிந்த அளவு துடித்துக்கொண்டுதான் இருக்கும். இடது கீழறையின் அடிமுனையில் ஒரு வட்டத் துளை போட்டு, அங்கே பம்பின் வாயைச் செருகித் தைப்பார்கள். பம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு செயற்கைக் குழாய் கிளம்பி, மேலே பெருந்தமனியில் போய்ச் சேரும். நுரையீரலிலிருந்து இடது பக்கத்துக்கு வரும் ரத்தத்தை வெளியே தள்ளத்தான் அந்தக் கீழறை திணறுகிறது. அந்த ரத்தத்தைப் பம்பு உறிஞ்சி நேராகப் பெருந்தமனிக்கு அனுப்பிவிடும். வலது பக்க இதயத்துக்கு இது எந்த உதவியும் செய்யாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வருகிறேன்.

ஈஎஃப் 18 என்றால், கீழறையில் நிறைந்த ரத்தத்தில் நூற்றுக்குப் பதினெட்டு பங்குதான் ஒரு துடிப்பில் வெளியே போகிறது. நல்ல இதயத்தில் 55-க்கு மேல் இருக்கும். மிச்ச ரத்தம் உள்ளேயே தேங்கி நுரையீரலுக்குப் பின்வாங்குகிறது. படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீங்குவது, இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்காதது எல்லாம் இதனால்தான். சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தம் ஓட வேண்டும். இன்றைய பம்பு பத்து லிட்டர் வரை தள்ளக்கூடியது.

நாடி விஷயத்துக்கு வருகிறேன். கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பழைய ஏற்றமும், மாடு கட்டி இறைக்கும் கவலையும் தண்ணீரைச் சால் சாலாக மொண்டு ஊற்றும். ஒரு சால் வரும், நிற்கும், அடுத்தது வரும். இதயம் அப்படித்தான் வேலை செய்கிறது, அதனால்தான் கையில் நாடி தட்டுகிறது. கிணற்று மோட்டார் அப்படியில்லை. உள்ளே இம்பெல்லர் என்ற விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் விடாமல் வரும். முதலில் வந்த இதயப் பம்புகள் ஏற்றம் மாதிரி, இப்போது இருப்பவை மோட்டார் மாதிரி.

இந்த மாற்றம் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1966-இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணுக்குப் பத்து நாட்கள் துணைப் பம்பு வைத்துக் காப்பாற்றினார். பம்பு நெஞ்சுக்கு வெளியே இருந்தது. அதன் பிறகு பல ஆண்டுகளாக எல்லோரும் துடிக்கிற பம்பைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், இயற்கை அப்படித்தானே செய்கிறது என்று. 1976-இல் எகிப்துக்குச் சேவை செய்யப்போன ரிச்சர்ட் வாம்ப்ளர் என்ற அமெரிக்க மருத்துவர், குழாய்க்குள் திருகு சுற்றிச் சுற்றி ஆற்றுத் தண்ணீரை வயலுக்கு ஏற்றுவதைப் பார்த்தார். ஆர்க்கிமிடீஸ் திருகு என்பார்களே, அதுதான். ரத்தத்தையும் இப்படி ஏற்றலாமே என்று தோன்றியிருக்கிறது. அவ்வளவு வேகமாகச் சுற்றினால் சிவப்பணுக்கள் அரைபட்டுப் போகும் என்று பலரும் சொன்னார்கள். 1988-இல் ஹூஸ்டனில் ஃப்ரேசியர் என்ற அறுவை மருத்துவர் அந்தச் சின்னத் திருகுப் பம்பை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார். ரத்தம் அரைபடவில்லை, மனிதர் பிழைத்தார். இடைவிடாமல் ஓடும் பம்போடு உடம்பு ஒத்துப்போகும் என்ற நம்பிக்கைக்கு அதுதான் தொடக்கம்.

உங்கள் மருத்துவர் சொல்வது பெரும்பாலும் ஹார்ட்மேட் 3 ஆகத்தான் இருக்கும். அபாட் நிறுவனம் தயாரிப்பது. அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது. எடை சுமார் 200 கிராம், உள்ளங்கைக்குள் அடங்கும். இதற்கு முந்தைய ஹார்ட்மேட் 2-இல் சுழலி மாணிக்கக் கல் பேரிங்கில் உட்கார்ந்து சுற்றியது. அந்த பேரிங் பக்கம்தான் ரத்தம் உறைந்து கட்டியாகும், பம்பு அடைபடும். ஹார்ட்மேட் 3-இல் பேரிங்கே இல்லை. சுழலி காந்த விசையில் எதையும் தொடாமல் ரத்தத்துக்கு நடுவே மிதந்து, நிமிடத்துக்கு ஐந்தாயிரத்திலிருந்து ஆறாயிரம் சுற்று வரை சுற்றுகிறது. சிவப்பணு நசுங்காமல் போகத் தாராளமான இடைவெளி உண்டு. இன்னொரு நுணுக்கம்: ஒரே வேகத்தில் ஓடினால் மூலைகளில் ரத்தம் தேங்கும் என்பதால், இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைச் சட்டென்று குறைத்துக் கூட்டும். உள்ளே தேங்கியதை அலசிவிடுவதற்காக.

இதன் பலன் 1028 பேரை வைத்து நடந்த மொமென்டம் 3 ஆய்வில் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளில் பம்புக்குள் ரத்தம் உறைந்தவர்கள் பழைய பம்பில் 13.9 சதவீதம், புதியதில் 1.4 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஹார்ட்மேட் 3-இல் 58 சதவீதம், பழையதில் 44 சதவீதம். இந்த எண்களை எதனோடு ஒப்பிட வேண்டும் தெரியுமா? 2001-இல் வெளிவந்த ரீமேட்ச் ஆய்வில், மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாத, நோய் முற்றிய 129 பேரைப் பார்த்தார்கள். வெறும் மருந்தில் இருந்தவர்களில் ஓராண்டு தாண்டியவர்கள் நான்கில் ஒருவர்தான். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். மருந்துகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று நல்லவை, உண்மைதான். ஆனால் மருந்து எடுபடாத கட்டத்துக்கு வந்தவர்களின் நிலைமை இன்றும் மோசமானதுதான்.

ஹார்ட்வேர் என்ற இன்னொரு பம்பும் இருந்தது. பக்கவாதமும் இறப்பும் அதில் கூடுதல், நின்றால் மறுபடி ஓட மறுப்பதும் உண்டு என்று தெரிந்து, 2021 ஜூனில் மெட்ட்ரானிக் நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்தியது. யாராவது பழைய கதை சொன்னால் எந்தப் பம்பைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, நாடி. அப்பாவின் மணிக்கட்டைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தட்டாது, அல்லது மிக மெல்லியதாகத் தட்டும். வீட்டு பிபி மெஷின் எரர் காட்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரும் நம்பகமில்லை. நாங்கள் கையில் பிபி பட்டையைச் சுற்றி, முழங்கை மடிப்பில் ஜெல் தடவி, பேனா போன்ற டாப்ளர் கருவியை வைத்துக் கேட்போம். காற்று சீறுவது மாதிரி ஒரு ஒலி வரும். பட்டையில் காற்றடைத்தால் அது நின்றுபோகும். மெதுவாகக் காற்றை விடும்போது சீறல் எந்த எண்ணில் திரும்பி வருகிறதோ அதுதான் அவருடைய அழுத்தம். 85-க்குக் கீழே இருந்தால் எங்களுக்கு நிம்மதி. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் லப்-டப்புக்கு மேலே தேனீ ரீங்காரம் போல ஒன்று கேட்கும். முதல் முறை கேட்கும் வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள், பிறகு அது கேட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

அழுத்தத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், மறுபடி மோட்டார்தான். டேங்க்கை ஒரு மாடி உயர்த்தினால் அதே மோட்டார் குறைந்த தண்ணீர்தான் ஏற்றும். ரத்த அழுத்தம் கூடினால் பம்பு தள்ளும் ரத்தம் குறையும், மூளையில் ரத்தக் கசிவுக்கும் வாய்ப்பு கூடும். உப்பைக் குறை என்று நச்சரிப்பது இதற்குத்தான்.

இனி, முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்ன வலது பக்கம். கிணற்றில் ஊற்று இல்லாமல் மோட்டாரை ஓட்டினால் என்ன ஆகும்? அடியில் இருக்கிற சேற்றை இழுக்கும். இங்கும் அப்படியே. இடது பக்கத்துப் பம்புக்கு ரத்தம் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது வலது கீழறை. அது பலவீனமாக இருந்தால், பம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் உறிஞ்ச ரத்தம் இருக்காது. கீழறையின் சுவரையே இழுத்து வாயை அடைத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதோடு, பம்பு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளினால் அதே ஐந்து லிட்டர் திரும்பி வந்து வலது பக்கத்தில்தான் விழும். நேற்றுவரை மூன்று லிட்டரைச் சமாளித்த வலது இதயம் இன்றைக்கு ஐந்தைச் சமாளிக்க வேண்டும். அறுவை நன்றாக முடிந்த பிறகும் சிலர் வாரக்கணக்கில் ஐசியுவில் கிடப்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். அந்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன். பம்பின் திரையில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் கல்லீரல் வீங்கும், சிறுநீர் நின்றுபோகும். அதனால் முடிவெடுக்கும் முன் வலது இதயக் கதீட்டர் சோதனை (ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாயை விட்டு வலது பக்கத்து அழுத்தத்தை அளப்பது) செய்தார்களா, வலது கீழறை தாங்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். பம்பின் மாடல் எது என்பதைவிட இந்தக் கேள்விக்கான பதில்தான் அப்பாவின் அடுத்த ஆண்டைத் தீர்மானிக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் காலம். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் மிகவும் தாமதமாக வருகிறார்கள். ஒரே ஆண்டில் இரண்டாவது முறை மூச்சு முட்டி அட்மிட் ஆகிறார், நீர் பிரிய வைக்கும் லாசிக்ஸ் மாத்திரையின் அளவு கூடிக்கொண்டே போகிறது, அழுத்தம் இறங்குவதால் இதய மாத்திரைகளைக் குறைக்கிறார்கள், சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுகிறது. இவையெல்லாம் கதவு மூடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். ரத்த நாளத்தில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, வெண்டிலேட்டரில் இருப்பவருக்கு அவசரமாகப் பம்பு வைப்பதும், நடந்து வருகிறவருக்கு நாள் பார்த்து வைப்பதும் ஒன்றல்ல. அப்பா இப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பம்பு வைப்பதாக இருந்தால் இதுதான் அதற்கான நேரம், படுத்த பிறகு இல்லை.

கரண்ட் பற்றிக் கேட்டீர்கள். பம்பிலிருந்து ஒரு கேபிள் தோலுக்கு அடியில் ஓடி, மேல் வயிற்றில் வெளியே வரும். டிரைவ்லைன் என்பார்கள். அது இடுப்பில் மாட்டும் கன்ட்ரோலருக்குப் போகும், கன்ட்ரோலரிலிருந்து இரண்டு பேட்டரிக்கு. பேட்டரி ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். ஒரு ஜோடி முழு சார்ஜில் 17 மணி நேரம் வரை தாங்கும். இரவில் படுக்கும்போது சுவர் மின்சாரத்தில் இணைத்துவிட வேண்டும், தூக்கத்தில் பேட்டரி அலாரம் காதில் விழாமல் போகலாம் என்பதால். அப்போது கரண்ட் போனால் அலாரம் அடிக்கும், எழுந்து பேட்டரிக்கு மாற்றிவிடலாம். கன்ட்ரோலருக்குள்ளேயே கால் மணி நேரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது மாற்றுவதற்கான அவகாசம் மட்டுமே. ஆகவே கரண்ட் போவது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஆபத்தில்லை. சார்ஜ் போட்ட பேட்டரிகள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், இன்வெர்ட்டர் இருந்தால் சார்ஜரை அதில் போடுங்கள், வெளியே போகும்போது மாற்று பேட்டரியும் மாற்று கன்ட்ரோலரும் கையோடு போக வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முன்கூட்டியே மருத்துவமனைக்குப் போன் செய்து எங்கே தங்குவது என்று கேட்டுவிடுங்கள்.

பேட்டரி மாற்றுவதில் ஒரே விதி, இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக்கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன் வீட்டு ஆட்களை உட்காரவைத்துப் பழக்குவோம். ஒரு அம்மா, பள்ளிக்கூட வாசல் பக்கமே போனதில்லை என்று தயங்கியவர், முதல் நாள் கிளிப்பைத் தொடவே கை நடுங்கினார். ஒன்றைக் கழற்றியதும் பீப் பீப் என்று சத்தம் வர, அப்படியே உறைந்துபோனார். "இது அது கேட்கிற கேள்விம்மா, அடுத்ததை மாட்டுங்க, நின்னுடும்" என்றார் எங்கள் நர்ஸ். மாட்டினார், நின்றது. நாலாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக் காட்டினார், இருட்டில் மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று அவராகவே யோசித்து. சிவப்பு இதயச் சின்னம் எரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும் என்பதை அவர் காலண்டர் அட்டையில் படமாகவே வரைந்து வைத்திருந்தார். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த டிரைவ்லைன் வெளியே வரும் இடம்தான் நான் உண்மையாகவே கவலைப்படுகிற இடம். ஹார்ட்மேட் 3 வந்து அடைப்பைக் குறைத்தது, பக்கவாதத்தைக் குறைத்தது, கிருமித்தொற்றை மட்டும் குறைக்க முடியவில்லை. தோலில் ஒரு நிரந்தரத் துளை, அதில் ஒரு கேபிள். நம் வெயிலில் வியர்வை அங்கே தங்கும். முகத்தில் மாஸ்க் போட்டு, கை கழுவி, கிளவுஸ் மாட்டி, மருந்து வைத்துத் துடைத்து, உலர விட்டு, புது டிரெஸ்ஸிங் போட்டு, கேபிளை வயிற்றோடு சேர்த்துப் பட்டையால் இறுக்க வேண்டும். கேபிள் ஒருமுறை கதவுக் கைப்பிடியில் மாட்டி இழுபட்டால் போதும், ஆறிய தசை பிரிந்து கிருமி நுழைய வழி கிடைத்துவிடும். ஆற்றிலும் குளத்திலும் இனி இறங்கக்கூடாது. தொட்டியில் முங்கவும் கூடாது. புண் ஆறிய பிறகு, மருத்துவர் அனுமதித்தால், அதற்கென உள்ள பைக்குள் கருவிகளை வைத்துக் குளிக்கலாம். எம்ஆர்ஐ ஸ்கேன் கூடவே கூடாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை உண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரையை நிறுத்தச் சொல்லி யாராவது பயமுறுத்துவார்கள். நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு என்பதை மாற்றாமல் இருந்தால் போதும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான் ஐஎன்ஆர் ஆட்டம் காணும். மருத்துவரைக் கேட்காமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ வேண்டாம். குடலில் ரத்தம் கசிவது இந்தப் பம்பின் பெரிய தொல்லை, இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வருகிறது. வேகமாகச் சுழலும்போது ரத்தம் உறைய உதவும் ஒரு புரதம் அறுபட்டுப் போவது இதற்கு ஒரு காரணம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே போக வேண்டும். முன்பு வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் கட்டாயமாகக் கொடுப்பார்கள். 2023-இல் வந்த ஏரீஸ் ஆய்வு, ஹார்ட்மேட் 3 வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினை விட்டாலும் உறைதல் கூடவில்லை, கசிவு குறைகிறது என்று காட்டியது. ஆனால் அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருப்பதால், ஸ்டென்ட் ஏதும் இருந்தால், இதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டாருக்கும் ஒரு விஷயம் சொல்லிவையுங்கள். அப்பா மயங்கி விழுந்தால் நாடி பார்த்து முடிவு செய்யக்கூடாது. முதலில் மூச்சைப் பாருங்கள், நெஞ்சில் காதை வைத்து ரீங்காரம் இருக்கிறதா என்று கேளுங்கள், கேபிளும் பேட்டரியும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவமனை எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மூச்சும் இல்லை, பம்பும் ஓடவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தயங்க வேண்டாம். 108-இல் வருகிறவர்களுக்கும் இது புதிதாக இருக்கலாம், அதனால் எல்வேட் நோயாளி என்று எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

மாற்று இதயத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், பம்பு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டம் ஒழுங்காக நடக்கிறது, காத்திருப்போர் பட்டியல் டிரான்ஸ்டான் என்ற மாநில உறுப்பு மாற்று ஆணையத்திடம் இருக்கிறது. ஆனாலும் ரத்த வகை, உடல் அளவு எல்லாம் பொருந்தி வர எவ்வளவு காலமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி 2010 ஜூலையில் பம்பு வைத்து, 2012 மார்ச்சில் மாற்று இதயம் பெற்றார். இருபது மாதம். இன்னொரு பலனும் உண்டு. நுரையீரல் நாளங்களில் அழுத்தம் மிக அதிகமாக இருப்பவர்களுக்குப் புது இதயம் வைத்தால் அதன் வலது பக்கம் தாங்காது என்று மறுத்துவிடுவார்கள். சில மாதம் பம்பு ஓடிய பிறகு அந்த அழுத்தம் இறங்கி, மறுக்கப்பட்டவரே பட்டியலில் சேர்ந்ததும் உண்டு. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் மாரடைப்பு இல்லாமல் தசை நோயால் பலவீனமான இளையவர்களுக்கு, இதயமே தேறிப் பம்பை எடுத்துவிடவும் முடிந்திருக்கிறது. அப்பாவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். தழும்பாகிப்போன தசை திரும்புவது அரிது.

செலவை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பம்பும் அறுவையும் சேர்ந்து ஒரு கோடி ரூபாயை ஒட்டி வரும், பிறகு டிரெஸ்ஸிங், பரிசோதனை, பயணம் என்று மாதாமாதம் தொடரும். வீட்டை விற்றுச் செய்யும் முன், காப்பீடு எவ்வளவு தரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். செய்ய முடியாத நிலை என்றால் அப்பாவிடம் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். மருந்தை முழு அளவில் கொடுத்து மாற்று இதயத்துக்குப் பதிவு செய்து காத்திருப்பதும் சிகிச்சைதான்.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிய பக்கவாதம் வந்து நினைவு திரும்பாத நிலை வரலாம். அப்போது பம்பை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி குடும்பத்தின் தலையில் விழும். அப்பா தெளிவாக இருக்கும்போதே அவர் என்ன விரும்புகிறார் என்று கேட்டுவிடுங்கள். கேட்பது கஷ்டம். கேட்காமல் விட்டு, பிள்ளைகள் ஐசியு வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பது அதைவிடக் கஷ்டம், அதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது வலது இதயக் கதீட்டர் அறிக்கை, கிரியேட்டினின், கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அங்கே பம்பு வைத்துக்கொண்டு வாழும் ஒருவரைச் சந்திக்க முடியுமா என்று கேளுங்கள், பெரும்பாலான மையங்களில் ஏற்பாடு செய்து தருவார்கள். அப்பாவையும் கூட்டிப்போங்கள். அந்த மனிதர் சட்டையைத் தூக்கி டிரைவ்லைனைக் காட்டி, எப்படித் தூங்குகிறார், எப்படிப் பேருந்தில் ஏறுகிறார் என்று சொல்லட்டும். அதைக் கேட்டு அப்பாவே சொல்லட்டும், வேண்டுமா வேண்டாமா என்று.